மஞ்சள் கதவும் சிவப்புக் கதவும்

"…ஆமாய்யா, மஞ்சக் கதவுதான், என் வீடுதான். ஆம்பளையா கேக்குறீங்க? ஆம்பளையத்தான் போன தடவ வந்தப்பவே லாரியில ஏத்திக்கிட்டுப் போய்ட்டீங்களே! இப்ப என்னத்துக்கு வந்தீங்க, திருப்பிக் கொண்டாந்து விடவா?"

பக்கத்து வீட்டு அக்கா இடுப்பில் கையை வைத்துக்கொண்டு கேட்டாள். எதிரே ஒரு ஜப்பான் சிப்பாய். அவனுக்கு மொழி சொல்ல வேறு தோட்டத்திலிருந்து கூட்டி வந்த தமிழ் மண்டோர், கூலிகளை மேய்க்கிற மேஸ்திரி, பக்கத்தில். மண்டோர் கையில் ஒரு காகிதம். லயத்து முனையில் லாரி உறுமிக்கொண்டு நின்றது.

அக்கா சொன்னதில் பாதி சத்தியம், பாதி பொய். அவள் புருஷனைச் சயாமுக்கு ரயில் பாதை போட ஏற்றிக்கொண்டு போனது சத்தியம். மஞ்சள் கதவு அவளுடையது என்பது பொய். அது என் வீட்டுக் கதவு. அவளுடைய சிவப்புக் கதவு அன்றைக்கு என் வீட்டில் மாட்டியிருந்தது. அதற்குப் பின்னால், பாயில், காலில் புண்ணோடு, என் வீட்டுக்காரர் மூச்சை அடக்கிக்கொண்டு படுத்திருந்தார்.

இது விளங்க வேண்டுமென்றால் கதவிலிருந்துதான் தொடங்க வேண்டும். நான் பள்ளிக்கூடத்து வாசலை மிதித்தவள் இல்லை. கடையில் சாமான் மடித்துத் தந்த பழைய பேப்பரைப் பிரித்து எழுத்துக் கூட்டிப் படித்தவள். நேராகச் சொல்லத் தெரியாது, கொஞ்சம் சுற்றித்தான் வருவேன். பொறுத்துக்கொள்ளுங்கள். சென்ற மாதம் மகன் நீலாயில் புது வீட்டுக்குக் குடி போனான். மருமகள் சாயக் கடையில் தந்த பெயிண்ட் நிற அட்டையைக் கொண்டு வந்து என் மடியில் வைத்து, "அத்தை, வாசக் கதவுக்கு மஞ்சள் அடிச்சா பளிச்சுன்னு இருக்கும்லா? வீட்டுக்கு ஒரு களை வரும்ல?" என்றாள். அவள் மேல் என்ன குற்றம்? ஆனால் எனக்கு ஒரு எரிச்சல் கிளம்பியது பாருங்கள், அன்று சோறு இறங்கவில்லை. அந்த எரிச்சலைத்தான் எழுதுகிறேன்.

மலாயாவில் லாபு பக்கம் எங்கள் ரப்பர்த் தோட்டம். எங்கள் லயத்தில் ஒரே தகரக் கூரைக்கடியில் பத்து வீடு, ரயில் பெட்டி மாதிரி. வெள்ளைக்காரத் துரை காலத்தில் பத்துக் கதவுக்கும் தார் பூசியிருக்கும். கன்னங்கரேல் என்று இருக்கும். நடுவில் வெள்ளையில் நம்பர். வருஷத்துக்கு ஒருமுறை தார் வாளியோடு ஆள் வந்து பூசிவிட்டுப் போவான். அந்த வாரம் முழுக்க சேலை முந்தானையில் தார் ஒட்டும். கதவில் நாமாக ஒரு பொட்டு வைக்கக்கூடாது. பொங்கலுக்குக் கதவில் மஞ்சள் தடவின ஒருத்தியைப் பெரட்டுக் களத்தில், காலையில் ஆள் கணக்கெடுக்கும் இடத்தில், எல்லார் முன்னாலும் நிற்க வைத்துத் துரை ஏசினாராம். நான் கல்யாணமாகி வருவதற்கு முந்தின கதை. "அவன் வீட்டுக் குதிரைக் கொட்டாய்க்குப் பச்சைக் கதவு, நாம குடியிருக்க கருப்புக் கதவு" என்று பக்கத்து வீட்டு அக்கா சொல்வாள். பத்துக் கதவும் ஒன்றுபோல் இருப்பதால், கள்ளுக்கடையிலிருந்து வருகிற ஆம்பளைகள் வீடு மாறிப் போய்த் தட்டுவார்கள். அதற்கும் ஒரு சொல் வைத்திருந்தாள்: "தார்க் கதவுக்குத் தாலி தெரியுமா?"

அந்த அக்காவைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். எனக்கு ஏழெட்டு வயது மூத்தவள். பிள்ளை இல்லை. வாயைத் திறந்தால் சொலவடைதான் வரும். நான் இன்றைக்குச் சொல்கிற பழமொழியில் பாதி அவளிடமிருந்து திருடினது. அவள் புருஷன் ஆறடி ஆள். ஒற்றை ஆளாக இரண்டு பேருக்கான ரப்பர் மர நிரையைப் பால் வெட்டி முடிப்பார். பேச மாட்டார். அவருக்கும் சேர்த்து அவளே பேசினாள்.

ஜப்பான்காரன் வருகிறான் என்றதும் துரை காரில் ஏறி ஒரே நாளில் போய்விட்டார். நாயைக்கூட மறக்காமல் ஏற்றிக்கொண்டார். எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஸ்டோர் திறந்து கிடந்தது. எரிகிற வீட்டில் பிடுங்கினது ஆதாயம் என்பார்கள். அரிசியைக் கங்காணி வீட்டுக்காரர்கள் முந்திக்கொண்டார்கள், மண்ணெண்ணெயைக் கடைக்காரன் உருட்டிக்கொண்டு போனான். நாங்கள் போனபோது மிச்சமிருந்தது சாய டின்கள்தான். எந்த மரம் எந்த நிரை என்று அடையாளம் தெரிய மரத்துக்கு வளையம் போடுவார்களே, அந்தச் சாயம். சிவப்பு, மஞ்சள், பச்சை, நீலம், வெள்ளை. அக்கா ஒரு டின்னைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு சொன்னாள், "மரத்துக்குப் பூசினது போதும், இனி மனுசனுக்குப் பூசுவோம்."

அந்த ஞாயிற்றுக்கிழமையை என்னால் மறக்க முடியாது. பத்து வீட்டுக் கதவையும் கழற்றி முற்றத்தில் சாய்த்து வைத்தோம். கதவு கழற்றுவது எங்களுக்குப் பழக்கந்தான். கதவை மேல் பக்கமாகத் தூக்கினால் கீலை விட்டு வந்துவிடும். கல்யாண வீட்டில் காய் நறுக்க இரண்டு கதவு, சாவு வீட்டில் பிணத்தைக் கிடத்த ஒரு கதவு. பத்தும் ஒரே அளவு. யார் வீட்டுக் கதவும் யார் வீட்டுக்கும் பொருந்தும். காரியம் முடிந்து மாற்றி மாட்டிவிட்டு, பிறகு நம்பரைப் பார்த்துத் திருத்திக்கொள்வதும் உண்டு.

எங்களுக்கு மஞ்சள். "புதுப் பொண்டாட்டி வந்த வீடு, மஞ்சதான்" என்றார் என் வீட்டுக்காரர். கோடி வீட்டு மரியதாஸ் குடும்பம் என்று வைத்துக்கொள்ளுங்கள், வேதக்காரர்கள், அவர்களுக்கு நீலம். மாதா முக்காட்டு நிறமாம். மற்ற வீட்டுக்காரர்கள் சாயத்தைக் கலந்து கலந்து வீட்டுக்கொரு நிறம் ஆக்கிக்கொண்டார்கள். வெள்ளையை யாரும் தொடவில்லை. "தாலியறுத்தவ சேலையக் கொண்டாந்து கதவுல கட்டவா?" என்றாள் அக்கா. அதைக் கொண்டுபோய் முனியாண்டி கோயில் மேடைக்குப் பூசினோம்.

அக்கா வீட்டுக்குச் சிவப்பு. பூசினது அவள் புருஷன். தூரிகை பத்தவில்லை, கந்தல் துணியைச் சுருட்டிப் பூசினார். அதுவும் தேய்ந்து போக, கையாலேயே தேய்த்தார். கதவின் உள்பக்கம், கீழ் மூலையில், அவர் ஐந்து விரலும் இழுத்த தடம் அப்படியே காய்ந்துவிட்டது. "இதென்ன, நரி பிறாண்டின மாதிரி?" என்று அக்கா திட்டினாள். அவர் சிரித்தார். அவர் பல் தெரியச் சிரித்ததை நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

காய்ந்ததும் மாட்டினோம். ஐயோ, அந்த அழகை எப்படிச் சொல்ல! ரப்பர்க் காட்டு இருட்டிலிருந்து வெளியே வந்தால் கண்ணைப் பறிக்கும். திருவிழாக் கடையில் வளையல் அடுக்கினது போல் பத்துக் கதவு. நம்பர் எல்லாம் சாயத்துக்கடியில் போய்விட்டது. நாலாம் நம்பர், அஞ்சாம் நம்பர் போய், பச்சைக் கதவு அத்தை, நீலக் கதவு மாமா என்று ஆனோம். நான் மஞ்சக் கதவுப் பொண்ணு. பட்டினிக் காலந்தான். மரவள்ளிக்கிழங்கு தவிர வேறு தெரியாது, கோணிச் சாக்கைக் கிழித்துக் கட்டிக்கொண்ட காலம். ஆனாலும் வேலை விட்டு வரும்போது தூரத்திலேயே என் கதவு தெரியும். அது என்னைப் பேர் சொல்லிக் கூப்பிடுகிற மாதிரி இருக்கும். எனக்கென்று உலகத்தில் ஒரு நிறம் இருந்தது. அதை வைத்துத்தான் எங்களை அறுத்தார்கள்.

ஜப்பான்காரன் வந்த இரண்டாம் வருஷம். ஒரு நாள் மத்தியானம் கிராணி லயத்துக்கு வந்தார். ஆபீஸில் கணக்கு எழுதுகிற கிராணி. துரை காலத்திலும் அவர்தான், ஜப்பான் காலத்திலும் அவர்தான். அவர் லயத்துப் பக்கம் காலெடுத்து வைத்ததே இல்லை, வைத்தால் காலில் சேறு படும். அன்றைக்குக் குடை பிடித்துக்கொண்டு, காதில் பென்சிலோடு வந்தார். லயத்தில் மற்றவர்கள் கிழங்கு நட்டுக்கொண்டிருந்தார்கள். காய்ச்சல் என்று நான் மட்டும் வாசலில் உட்கார்ந்திருந்தேன்.

"அடேயப்பா! லயமா இது, கோயில் தேராம்மா?" என்றார்.

எனக்குத் தலைகால் தெரியவில்லை. கிராணி என்னோடு பேசுகிறார்! "நாங்களே பூசினது ஐயா" என்றேன்.

"ஜப்பான்காரங்களுக்குச் சுத்தம்னா உசிரு. இந்த லயத்த நான் எழுதிக் குடுத்தா, அரிசி சேர்த்துத் தருவானுங்க. இது யாரு வீடு?"

"என் வீடுதான் ஐயா."

"அந்தச் சிவப்பு?"

நான் எழுந்தேன். காய்ச்சல் எங்கே போனதோ. அவர் கூடவே லயம் முழுக்க நடந்தேன். இது பச்சை, அப்பனும் ரெண்டு மகனும். இது நீலம், மூணு ஆம்பளைங்க, எல்லாம் நல்ல உழைப்பாளிங்க. சிவப்புக் கதவுக்கு வந்ததும் நின்று சொன்னேன், "இந்த வீட்டு அண்ணன் பலசாலி ஐயா. ரெண்டு ஆள் வேலைய ஒத்தையா செய்வாரு." கிராணி பென்சிலை எடுத்தார். பரிசுக்கு எழுதுகிறார் என்று நினைத்தேன். இன்னும் நன்றாகத் தெரியும்படி எழுதட்டும் என்று, "சிவப்பு, ஐயா, சிவப்பு" என்று இரண்டு தரம் சொன்னேன்.

நுணலும் தன் வாயால் கெடும். தவளை தன் வாயால் தான் மட்டும் கெடும். நான் ஊரையே கெடுத்தேன்.

ஐந்தாம் நாள் லாரி வந்தது. கிராணி முன்னால் நடந்தார். நம்பர் இல்லாத லயத்தில் ஒரு கதவு தவறவில்லை அவர். சிப்பாய்க்குத் தமிழ் தெரியாது, இங்கிலீஷ் தெரியாது. அவன் ஓரளவு படித்து வைத்திருந்தது மலாய். அதனால் கிராணி குடையை நீட்டி நீட்டி, "மேரா", "ஹிஜாவ்" என்று மலாயில் நிறம் சொன்னார். சிவப்பு. பச்சை. மாட்டுச் சந்தையில் சுழி பார்த்துச் சொல்கிற மாதிரி. அன்றைக்கு எங்கள் லயத்தில் ஐந்து பேரை ஏற்றினார்கள். லாரி மேல் நின்று தலை எண்ணினவன் அந்த மண்டோர். மூன்று மாத வேலை, அரிசி, துணி, திரும்பக் கொண்டுவந்து விடுவோம் என்றார்கள். முதலாவதாக ஏறினவர் சிவப்புக் கதவு அண்ணன். ஏறும்போது சட்டையைக் கொடியிலேயே விட்டுவிட்டார். அக்கா அந்தச் சட்டையைத் தூக்கிக்கொண்டு லாரிக்குப் பின்னால் பெரிய ரோடு வரைக்கும் ஓடினாள். சட்டையோடுதான் திரும்பி வந்தாள்.

அவர் வரவே இல்லை. இதை இப்போதே சொல்லிவிடுகிறேன். சண்டை முடிந்து வருஷக்கணக்கு ஆகியும் வரவில்லை. அந்த ஐந்து பேரில் பச்சைக் கதவு மகன் ஒருவன் மட்டும் வந்தான், எலும்பும் தோலுமாய். கேட்டால் பேச மாட்டான், மழை பெய்தால் அழுவான்.

இன்னொன்றும் சொல்கிறேன், என் நெஞ்சு ஆறாத விஷயம். வெள்ளைக்காரன் திரும்பி வந்தபோது புதுத் துரை ஆபீஸ் கதவைத் திறந்தார். உள்ளே அதே மேசை, அதே கிராணி. எழுந்து நின்று கும்பிட்டார். துரை கை குலுக்கினார். முதல் வாரமே தார் வாளி வந்தது. கதவெல்லாம் மறுபடி கருப்பு. நம்பர் மறுபடி வெள்ளை. சயாமுக்குப் போனவர்கள் எத்தனை பேர் என்று கேட்க ஒருத்தன் வரவில்லை. கதவைக் கருப்பாக்க மட்டும் ஆள் வந்தான். குலத்தைக் கெடுத்த கோடாலிக்காம்பு கடைசி வரை வெள்ளை வேட்டியோடுதான் இருந்தது. செத்தபோது நோட்டீஸ் அடித்து ஒட்டினார்கள், பெரிய மனுஷன் என்று.

எங்கே விட்டேன்? முதல் லாரி போனது. மறுநாள் பெண்கள் ஆபீஸ் முன்னால் கூடி, கிராணி மேல் மண்ணை வாரித் தூற்றினார்கள். "நீ நாசமாப் போக, உன் வீட்டுக் கதவுல கள்ளி முளைக்க" என்று அக்கா சாபமிட்டாள். நான் கூட்டத்தில் நின்றேன். கையில் மண் இருந்தது. எறிய முடியவில்லை. அதற்குப் பிறகு கிராணி லயத்துப் பக்கம் வரவில்லை. பயம். காகிதத்தில் எழுதி மட்டும் கொடுப்பார்.

இரண்டு மாதம் கழித்து ஆபீஸ் கூட்டுகிற கிழவி ஓடி வந்து என் கையைப் பிடித்தாள். "அடியே, நாளைக்கு லாரி வருதாம். கிராணி அந்த மண்டோருக்குப் படிச்சுக் காட்டினான். கூனிங், கூனிங்னான். அது மஞ்சதானே?"

மஞ்சள்தான். பத்து வீட்டில் மஞ்சள் எங்களுக்கு மட்டும்.

மற்ற ஆம்பளைகள் பகலில் புதருக்குள் போய்ப் படுத்துக்கொள்வார்கள். என் வீட்டுக்காரருக்குக் கணுக்காலில் புரையோடின புண். அந்தக் காலத்தில் பாதிப் பேருக்கு இருந்தது. எலும்பு தெரியும். இரண்டு அடி வைத்தால் மயங்கி விழுவார். "நொண்டிய எதுக்குக் கொண்டு போறான்?" என்று கேட்பீர்கள். நடக்க முடியாதவனையும் ஏற்றினார்கள், அய்யா. லாரிதானே நடக்கிறது. கணக்குக்குத் தலை வேண்டும், காலைப் பார்த்தானா அவன்? ஆள் கிடைக்காவிட்டால் வீட்டிலிருக்கிற பெண்ணை அடித்துக் கேட்பான். சாயத்தைச் சுரண்டிப் பார்த்தேன். மரத்துக்குப் பூசுகிற சாயம், மழைக்கே போகாதது, நகத்துக்கா போகும்?

அப்போதுதான் கதவு கழற்றுகிற ஞாபகம் வந்தது. ஆளில்லாத வீட்டில் மஞ்சள் இருந்தால்? ஏற்கெனவே ஆள் போன சிவப்பு எங்கள் வீட்டில் இருந்தால்?

அக்கா வீட்டுக்குப் போனேன். கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள். இரண்டு மாதமாக அவள் ஒரு சொலவடை சொல்லி யாரும் கேட்கவில்லை. நான் வந்த காரியத்தைச் சொன்னேன். அவள் கத்தி நிற்கவில்லை.

"என் கதவு உனக்கு வேணும்" என்றாள்.

"ஒரு நாளைக்குக்கா. லாரி போறவரைக்கும்."

"அந்தக் கதவுல அவரு கை இருக்குடி. தெனம் அதப் பாத்துத்தான் எந்திரிக்கிறேன். அத ஒன் வீட்டுல மாட்டி, அதுக்குப் பின்னால ஒன் புருசனப் படுக்க வைக்கணும். அப்பிடித்தானே?"

நான் அழுதுவிட்டேன். அழுகையோடு மற்றதும் வந்துவிட்டது. "அக்கா, நான்தான் கிராணிகிட்ட சொன்னேன். சிவப்புன்னு, பலசாலின்னு. அரிசி தருவான்னு நெனச்சேன்."

கிழங்கை வைத்தாள். கத்தியைத் துடைத்தாள்.

"தெரியும்" என்றாள். "கெழங்குக் காட்டுல இருந்து பாத்தேன். அவன் கொடைக்குப் பக்கத்துல பட்டத்து ராணி மாதிரி நடந்தியே. வாயுள்ள புள்ள பொழைக்கும்பாங்க. நீ பொழைச்சுக்கிட்ட. வாயில்லாதவரு போய்ட்டாரு."

"என்னை அடிச்சிடுக்கா."

"அடிச்சா எனக்குக் கைதான் வலிக்கும்." எழுந்து கதவோரம் போய் நின்றாள். குனிந்து அந்த விரல் தடத்தைத் தடவினாள். பிறகு திரும்பாமலே சொன்னாள், "ஒனக்காக இல்ல. ஒன் புருசனுக்காகவும் இல்ல. எழுதி வச்சிக்கிட்டு வர்றானுங்க பாரு, கடையில சாமான் வாங்குற மாதிரி, அவனுங்க ஒரு தடவ, ஒரே ஒரு தடவ ஏமாந்து போறத நான் பாக்கணும். எடுத்துக்க. ஆனா லாரி போன அடுத்த நிமிசம் என் கதவு எனக்கு வந்துடணும்."

இருவரும் ஆளுக்கொரு கதவாகத் தூக்கினோம். என்னதான் மெல்லிசுப் பலகை என்றாலும் பட்டினி உடம்பு, இரண்டு தரம் இறக்கி வைத்துத் தூக்கினோம். மாற்றி மாட்டினோம். பொருந்தியது. கம்பெனி அளவு, தப்புமா? என் வீட்டுக்காரர் பாயில் கிடந்தபடியே பார்த்துவிட்டு, "கதவ மாத்திட்டீங்க, சரி. சாப்பாடு இனி எந்த வீட்டுல?" என்றார். பயத்தில் இருக்கிறவனுக்கு வருகிற கிண்டல் அது. அக்கா அவரைப் பார்த்த பார்வையில் அவர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். விரல் தடம் அவர் தலைமாட்டுக்கு நேரே இருந்தது.

மறுநாள் காலை பத்து மணி இருக்கும், லாரி வந்தது. ஓட முடிந்தவர்கள் ஓடிவிட்டார்கள். மண்டோர் காகிதத்தைப் பார்த்து, லயத்தைப் பார்த்து, மஞ்சளைக் கண்டுபிடித்து, தட்டினான். அக்கா திறந்தாள். ஆம்பளை எங்கே என்றான். அதற்குத்தான் அவள் நான் முதலில் எழுதினதைச் சொன்னாள். திருப்பிக் கொண்டாந்து விடவா என்று.

நான் என் வீட்டுக்குள், சிவப்புக் கதவுக்கு இந்தப் பக்கம் நின்றேன். பலகை இடுக்கில் பார்க்க முடிந்தது. மண்டோர் அவள் முகத்தையே பார்த்தான். அவனுக்கு ஞாபகம் வந்துவிட்டது.

"ஏய், சட்டையத் தூக்கிக்கிட்டு லாரிக்குப் பின்னால ஓடியாந்தது நீதானே?"

"நான்தான். இந்தா, அந்தச் சட்டை." கொடியிலிருந்து உருவி அவன் மூஞ்சிக்கு நேரே நீட்டினாள். "கொண்டுபோய் அவருகிட்ட குடுப்பியா? ஒனக்குப் புண்ணியமாப் போவும். இல்ல, ஒனக்கு அளவாயிருக்கும்னா நீ போட்டுக்க. எங்க ஆம்பளைங்கள எடுத்துக்கிட்டவங்களுக்குச் சட்டை என்ன, பெரிசா?"

அவள் சொன்னது சிப்பாய்க்குப் புரியவில்லை, குரல் புரிந்தது. முன்னால் வந்து பளார் என்று அறைந்தான். அவள் தலை கதவு நிலையில் மோதியது. கீழே விழவில்லை. நீட்டின கையை மடக்கவும் இல்லை. மண்டோர் அவசரமாக மலாயில் ஏதோ சொன்னான். இவள் ஆள் முன்பே போய்விட்டான், கிராணி தப்பாக எழுதியிருக்கிறான் என்றுதான் சொல்லியிருக்க வேண்டும். சிப்பாய் காகிதத்தைப் பிடுங்கிப் பார்த்தான். உள்ளே எட்டிப் பார்த்தான். அடுப்பு, பாய், பானை. அவ்வளவுதான் அந்த வீடு.

பிறகு பூட்ஸ் சத்தம் எங்கள் பக்கம் வந்தது. கதவுக்கு அந்தப் பக்கம் நின்றது. அவன் மூச்சு எனக்குக் கேட்டது. என் வீட்டுக்காரர் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டிருந்தார், என் முந்தானையை. அன்றைக்கு அந்தச் சிப்பாய் கதவில் விரலால் தட்டிக்கொண்டே மண்டோரிடம் சொன்ன இரண்டு வார்த்தையை நான் இன்றைக்கும் மறக்கவில்லை.

"மேரா. சூடா."

சிவப்பு. முடிந்தது.

முடிந்ததாம். ஆறடி ஆள், பேசாத ஆள், ஒருதரம் பல் தெரியச் சிரித்த ஆள். அவர் கணக்கு அவ்வளவுதான் அவனுக்கு. என் புருஷன் தப்பினார் என்று எனக்குச் சந்தோஷம் வரவில்லை. அந்தக் கதவைத் திறந்து அவன் குரல்வளையைக் கடிக்க வேண்டும் போல்தான் வந்தது. கடித்தேனா? இல்லை. மூச்சுவிடாமல் நின்றேன். அதுவும் என் கணக்கில்தான் இருக்கிறது.

லாரி கீழ் லயத்துக்குப் போனது. அங்கே மூன்று பேரை ஏற்றினார்கள். இதைச் சொல்லாமல் விட்டால் நான் ஏதோ என் கெட்டிக்காரத்தனத்தைக் கதையாகச் சொன்னதாகிவிடும். எங்கள் கதவுக்குப் பதில் யார் வீட்டுக் கதவோ. போகிற வழியில் ஆபீஸில் லாரியை நிறுத்தி, தப்பாக எழுதினதற்குக் கிராணியை இரண்டு அறை அறைந்தார்கள் என்று கிழவி வந்து சொன்னாள். இரண்டுதானா என்று கேட்டேன்.

லாரிச் சத்தம் ரோட்டில் தேய்ந்து மறைந்தது. அக்கா வந்தாள். கன்னம் வீங்கி ஒரு கண் மூடியிருந்தது. நான் "அக்கா" என்று கையைப் பிடிக்கப் போனேன். என்னைச் சுவரை விலக்குவது மாதிரி விலக்கினாள். சிவப்புக் கதவைத் தூக்கிக் கீலிலிருந்து கழற்றி, விரல் தடம் உள்பக்கம் வரும்படி திருப்பித் தலையில் வைத்துக்கொண்டு, தள்ளாடாமல் தன் வீட்டுக்குப் போனாள். மஞ்சளைக் கழற்றி முற்றத்தில் போட்டுவிட்டு, சிவப்பை மாட்டினாள். ஒருமுறை சாத்தி, ஒருமுறை திறந்து பார்த்தாள். பிறகு உள்ளே போய்ப் புருஷனின் கோடாலியை எடுத்து வந்தாள். என் மஞ்சள் கதவின் மேல் ஒரு காலை ஊன்றிக்கொண்டு, வெட்டினாள். நடுவில் நிறுத்தவில்லை. யாரும் தடுக்கவில்லை. சாயம் சிம்பு சிம்பாகப் பறந்து அவள் தலைமுடியில் ஒட்டியது. முழுக் கதவும் விறகானதும், கை நிறைய அள்ளிக்கொண்டு போய் அடுப்பில் வைத்துக் கிழங்கை ஏற்றினாள். மிச்சக் கட்டைகளை முந்தானையில் சுமந்து வந்து, கதவில்லாத எங்கள் வாசலில் கொட்டிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் போனாள்.